மினாரா ஏறிய உத்தரவு

மதமும் ராஜ்யமும் – அத்தியாயம் 9

கடைசிக் கலீபாவான அப்துல் மஜீத், 1924ஆம் வருஷம் மார்ச் மாதம் 4ஆந் தேதி பொழுது விடியுமுன்னர் டோல்மாபாச்சே அரண்மனையிலிருந்து மோட்டாரில் அழைத்துச் செல்லப்பட்டு, ஜனங்கள் கூடிவிடுவார்களோ என்ற அச்சத்தினால் இஸ்தான்புல்லின் பெரிய ரயில் நிலையத்தை விடுத்து, சட்டால்ஜா என்ற சிற்றூர் நிலையத்தில் ஸ்விட்ஜர்லாந்து செல்லும் வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டதோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன், அதாவது 1920 ஆகஸ்டில், சென்னைக் கடற்கரையிலே காந்தியடிகளும் மௌலானா ஷவுகத் அலியும் பேசக் கேட்டு, கிலாபத்தைக் காப்பதற்காகச் சிறை செல்லவும் சித்தமாயிருந்த நம்மவர்கள், அந்தப் பீடத்தைத் துருக்கியரே எடுத்தெறிந்துவிட்டனர் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது அடைந்த திகைப்பு கொஞ்சநஞ்சமன்று. அந்தத் திகைப்பின் வேகத்தில், துருக்கி ராஜ்யம் இனி மதத்தோடு தனக்கிருந்த சம்பந்தத்தை அறவே அறுத்துக்கொண்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இன்றும் பலர் அவ்வாறே எண்ணுகிறார்கள். நடந்தது வேறு.

மார்ச் 3ஆந் தேதி அங்காராவிலுள்ள தேசிய மகாசபை ஒரே அமர்வில் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. கலீபா பதவியை ரத்துச் செய்து உஸ்மானிய வம்சத்தாரை நாடு கடத்தியது ஒன்று. மதரஸாக்கள் உள்பட நாட்டிலுள்ள எல்லாக் கல்விச் சாலைகளையும் கல்வி மந்திரியின் கீழ்க் கொண்டுவந்தது மற்றொன்று. ஜனங்கள் அதிகம் கவனியாத மூன்றாவது சட்டம், ஷரீஅத், வக்புச் சொத்துக்கள் ஆகியவற்றின் மந்திரி இலாகாவைக் கலைத்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் பிரதம மந்திரியின் நேர்ப்பார்வையில் மத விவகாரத் தலைமையகம் ஒன்றை நிறுவியது. துருக்கியர் இதைச் சுருக்கமாகத் ‘தியானெத்’ என்பார்கள். பள்ளிவாசல்களின் நிர்வாகமும், இமாம், கதீபு, மோதினார் முதலியவர்களை நியமிப்பதும் நீக்குவதும் இந்த அலுவலகத்தின் வசம் ஒப்படைக்கப்பட்டன. இதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ரிபாத் போரெக்சி என்ற பெரியவர். 1920இல் சுல்தானுடைய ஷெய்குல் இஸ்லாம், முஸ்தபா கமாலையும் அவருடைய தோழர்களையும் ராஜத் துரோகிகளென்று கூறிப் பத்வா வெளியிட்டபோது, அதற்கு எதிர் பத்வா வெளியிட்டுத் தேசிய இயக்கத்துக்கு மார்க்கத்தின் அங்கீகாரத்தை வாங்கித் தந்த அங்காரா முப்தி இவர்தான். ஆகவே, புதிய ராஜ்யத்தின் பிறப்பிலேயே ஒரு பத்வாவுக்குப் பங்கு உண்டு என்பதையும், அந்தப் பங்கை ராஜ்யம் மறக்கவில்லை என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தார் 1905இல் செய்த சட்டம், குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்கவும் மாட்டாது, எந்த வழிபாட்டுக்கும் சம்பளம் கொடுக்கவும் மாட்டாது என்று கூறி, பாதிரிமாரை அவர்களுடைய பக்தர்களிடமே ஒப்புவித்துவிட்டது. துருக்கியர் ‘லாயிக்’ என்ற பெயரை அந்தப் பிரெஞ்சுக்காரரிடமிருந்துதான் கடன் வாங்கினார்கள். 1928இல் அரசியல் சட்டத்தினின்று ‘ராஜ்யத்தின் மதம் இஸ்லாம்’ என்ற வாசகத்தை நீக்கி, 1937இல் அந்த லாயிக் கொள்கையையே சட்டத்தில் பொறித்தும் வைத்தார்கள். ஆனால் பிரான்ஸில் அரசாங்கத்துக்கும் ஆலயத்துக்கும் நடுவே சுவர் எழுந்த இடத்தில், துருக்கியில் ஒரு கச்சேரி எழுந்தது. அந்தக் கச்சேரியின் மேஜைக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும், நாட்டின் கடைக்கோடிக் கிராமத்து மினாரா வரையில் அவர்களுடைய உத்தரவு எட்டும். அப்படி எட்டிய உத்தரவுகளில் மிகப் பிரசித்தமான ஒன்றின் கதையைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிறேன்.

1926ஆம் வருஷம் வசந்த காலத்தில், இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலுள்ள கோஸ்தெப்பே பள்ளிவாசலில், ஜெமாலுத்தீன் எபெந்தி என்ற இமாம், நாட்டில் நடக்கும் சீர்திருத்தங்களால் உற்சாகங்கொண்டு, ஒரு நாள் தொழுகையைத் துருக்கி பாஷையிலேயே நடத்திவிட்டார். பின்னால் நின்று தொழுதவர்களிற் சிலர் தியானெத்துக்குப் புகார் எழுதினார்கள். தியானெத் என்ன செய்தது? இது மார்க்க சம்பிரதாயத்துக்கு முற்றிலும் விரோதமானதென்று கூறி இமாமை வேலையிலிருந்து நீக்கியது. ஆறு வருஷம் கழித்து இதே தியானெத், இதே ரிபாத் போரெக்சியின் தலைமையில், அரபியில் பாங்கு சொல்லலாகாது என்று உத்தரவு பிறப்பித்தபோது, அந்த இமாம் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு.

துருக்கி பாஷையில் பாங்கு என்ற எண்ணம் கமால் பாஷாவுக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று தோன்றியதன்று. அவருக்கு முந்திய தலைமுறையின் சிந்தனையாளரான ஸியா கோகல்ப், குடியானவன் தன்னுடைய தொழுகையின் பொருளை உணரக்கூடிய நாடுதான் துருக்கியனின் தாய்நாடு என்ற கருத்தைக் கவிதையாகவே பாடி வைத்துவிட்டு, 1924இல் மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவைப் படித்தவர்களுக்கு, லூதர் விவிலியத்தை ஜெர்மன் பாஷையில் ஆக்கியதிலிருந்துதான் அந்தத் தேசம் எழுந்தது என்பது ஒரு சித்தாந்தம் போலவே ஆகியிருந்தது. 1928 நவம்பரில் அரபி எழுத்துக்களைத் தள்ளி லத்தீன் எழுத்துக்களை ஏற்று, பாஷையிலிருந்து அரபி, பாரசீகச் சொற்களைக் களையெடுக்கவும் முற்பட்ட அரசாங்கம், நாளொன்றுக்கு ஐந்து முறை நாடெங்கும் உயரத்திலிருந்து ஒலிக்கும் அரபி வாசகங்களை மட்டும் எவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டிருக்கும்? தான் சொல்லும் பிரார்த்தனையின் அர்த்தம் தனக்குத் தெரியவேண்டும் என்று ஒருவன் விரும்புவதிலே பழுது ஒன்றும் இல்லை. நம் நாட்டிலும் அந்த விருப்பத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அந்த விருப்பம் போலீஸ்காரனின் கையில் அகப்பட்டதிலேதான் விபரீதம் தொடங்கியது.

இந்த விபரீதத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் ஒரு கவி. துருக்கியின் தேசிய கீதத்தை இயற்றிய மெஹ்மெத் ஆகிப், சுதந்திர யுத்தத்தின்போது ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் பிரசங்கம் செய்து ஜனங்களைத் திரட்டியவர். கீதத்துக்காக அறிவிக்கப்பட்டிருந்த பரிசுப் பணத்தையும், மேலங்கிக்குக்கூட வழியற்றிருந்த அந்த நாளிலே, தனக்கென்று வைத்துக்கொள்ளாதவர். 1925இல் மகாசபை, குர்ஆனுக்குத் துருக்கியில் ஒரு மொழிபெயர்ப்பும் ஒரு விரிவுரையும் வேண்டுமென்று பணம் ஒதுக்கியபோது, விரிவுரையை எல்மாலி ஹம்தி என்ற பேரறிஞரிடமும் மொழிபெயர்ப்பை ஆகிப்பிடமும் தியானெத் ஒப்படைத்தது. ஆகிப் அந்தச் சமயத்தில் எகிப்துக்குச் சென்று, கெய்ரோவை அடுத்த ஹெல்வானில் தங்கிவிட்டிருந்தார். அங்கே வருஷக்கணக்கில் உழைத்து மொழிபெயர்ப்பை எழுதினார். எழுத எழுதத் திருத்தினார். ஆனால் இஸ்தான்புல்லிலிருந்து வந்த செய்திகள், தம்முடைய மொழிபெயர்ப்பு குர்ஆனை விளங்கிக்கொள்வதற்காக அல்லாமல், தொழுகையில் குர்ஆனின் இடத்தில் வைத்து ஓதுவதற்காகவே பயன்படப்போகிறது என்ற ஐயத்தை அவருக்கு உண்டாக்கின. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1936இல் நோயாளியாகத் தாய்நாடு திரும்பும்போது, கையெழுத்துப் பிரதியைக் கெய்ரோவிலிருந்த தம் நண்பர் இஹ்ஸான் எபெந்தியிடம் கொடுத்து, தான் திரும்பி வந்தால் சேர்ந்து முடிப்போம், வராவிட்டால் எரித்துவிடுங்கள் என்று சொல்லிச் சென்றார். அந்த வருஷம் டிசம்பரில் இஸ்தான்புல்லில் காலமானார். இஹ்ஸான் எபெந்திக்கு எரிக்க மனம் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் அதை வைத்துக் காத்து, 1961இல் தாம் இறக்குந் தறுவாயில் அந்தப் பொறுப்பைப் பிறர் தலையில் வைத்தார். நெருப்புக்கு இரையான அந்த ஏடுகளில் ஒரு பகுதியின் படி மட்டும் தப்பிப் பிழைத்து 2012இல் அச்சேறியது. எரித்தவர்களுடன் இருந்த இஹ்ஸான் எபெந்தியின் இளம் மகன், பிற்காலத்தில் இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்புக்குச் செயலாளராக விளங்கி, 2014இல் துருக்கியின் ஜனாதிபதி தேர்தலில் எர்டோகானை எதிர்த்து நின்ற எக்மெலெத்தின் இஹ்ஸானோக்லு என்பது இந்தக் கதையின் எதிர்பாராத ஒரு கிளை.

கவி கைவிட்டாலும் காரியம் நிற்கவில்லை. 1932 ஜனவரியில் ரம்ஜான் மாதம் பிறந்தபோது, இஸ்தான்புல்லில் இனிய குரலுக்குப் பெயர்பெற்ற ஹாபிழ்கள் சிலரை, கலீபா வெளியேறிய அதே டோல்மாபாச்சே அரண்மனைக்குக் கமால் பாஷா வரவழைத்தார். அவர்களிடம் கொடுத்து ஓதிப் பழகச் செய்த துருக்கிக் குர்ஆன், ஜெமீல் சயீது என்பவருடையது. அரபி மூலத்திலிருந்து அன்றி ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆக்கப்பட்டதென்று அறிஞர்கள் ஏற்கெனவே அதைக் குறைகூறியிருந்தார்கள். எந்த வாசகத்தை எந்த ராகத்தில் எப்படி நீட்டவேண்டும் என்பதையெல்லாம் சங்கீத ஞானமுள்ள அந்த ஹாபிழ்களோடு உட்கார்ந்து ஆலோசித்த கமால் பாஷாவை, ஒரு மதத் துவேஷி என்ற சித்திரத்துக்குள் அடக்க முடியாது. அவருக்கு ஓதும் குரலிலே உண்மையான ரசனை இருந்தது.

ஜனவரி 22ஆந் தேதி எரெபாத்தான் பள்ளிவாசலில் ஹாபிழ் யாஷார் யாசீன் சூராவை ஓதி அதன் துருக்கி மொழிபெயர்ப்பையும் வாசித்தார். 30ஆந் தேதி பாத்திஹ் பள்ளிவாசலின் மினாராவிலிருந்து ஹாபிழ் ரிபாத் முதன்முதலாகத் துருக்கிப் பாங்கைச் சொன்னார். பிப்ரவரி 3ஆந் தேதி, லைலத்துல் கத்ர் இரவில், அப்போது இன்னும் பள்ளிவாசலாகவே இருந்த ஆயா சோபியாவின் மாபெரும் குவிமாடத்தின் கீழ்ப் பல்லாயிரம் பேர் திரண்டு நிற்க, உள்ளே இடமின்றி வெளியே மைதானத்தில் மேலும் பல்லாயிரவர் நெருக்கியடித்து நிற்க, இருபத்தைந்து ஹாபிழ்கள் கூடித் துருக்கியில் ஓதினார்கள்; பள்ளிவாசலுக்குள்ளே நடந்த அந்த வைபவம் வானொலி மூலம் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமையன்று சுலைமானியா பள்ளிவாசலில், பிற்காலத்தில் துருக்கிய சங்கீதத்தின் மேதையென்று போற்றப்பட்ட ஹாபிழ் சாதெத்தின் கய்னாக், தலைப்பாகையுமின்றித் தொப்பியுமின்றி, ஐரோப்பிய விருந்துகளுக்கு அணியும் வால் கோட்டு அணிந்து மிம்பரில் ஏறித் துருக்கியில் குத்பா ஓதினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். குத்பாவின் உபதேசப் பகுதியைத் துருக்கியில் சொல்வதற்கு ஜனங்களிடம் பெரிய ஆட்சேபம் எழவில்லை. 1927லேயே தியானெத் துருக்கி குத்பாக்களின் தொகுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டிருந்தது. அந்த வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் தமிழில் பயான் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். உபதேசம் என்பது ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வது. அது கேட்பவனுக்கு விளங்கினால்தான் பயன். பாங்கோ, மதீனாவில் பிலால் சொன்ன நாளிலிருந்து சொல் மாறாமல் வருவதாக நம்பப்படுவது. துருக்கிக் குடியானவனுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும், தெரியாதிருந்தாலும் அவன் அதை மாற்றச் சொல்லியிருக்க மாட்டான். இந்த வேறுபாட்டை அங்காராவிலிருந்தவர்கள் உணரவில்லை, அல்லது உணர்ந்தும் பொருட்படுத்தவில்லை.

1932 ஜூலை 18ஆந் தேதி தியானெத்தின் உத்தரவு வந்தது. இறைவன் பெரியவன் என்று அறிவிக்கும் முதல் வாசகத்தில் ‘அல்லாஹ்’ என்ற திருநாமத்தின் இடத்தை, மத்திய ஆசியாவின் புராதனத் துருக்கிச் சொல்லான ‘தன்ரி’ எடுத்துக்கொண்டது. ஜனங்களை மிகவும் புண்படுத்தியது இதுதான். மாறுதலைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடிய பலரும், ஆண்டவனின் பெயரையே ஒரு சர்க்கார் குமாஸ்தா திருத்துவதா என்று கொதித்தார்கள்.

கொதிப்பு வெளிப்பட்டது புர்சாவில். உஸ்மானியரின் முதல் தலைநகரமும், ஆதி சுல்தான்களின் சமாதிகளை உடையதுமான அந்த நகரத்தின் உலு ஜாமி என்னும் பெரிய பள்ளிவாசலில், 1933 பிப்ரவரி முதல் தேதி லுஹர் தொழுகைக்கு அரபியில் பாங்கு சொல்லப்பட்டது. போலீசார் தலையிட்டார்கள். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள், முதலில் வக்பு அலுவலகத்துக்கும் பிறகு கவர்னரின் கச்சேரிக்கும் கூட்டமாகச் சென்று நியாயம் கேட்டார்கள். வக்பு அலுவலகத்துக்கு ஏன் சென்றார்களென்றால், 1931இலிருந்து பள்ளிவாசல் சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த அலுவலகமாக இருந்தது. சம்பளம் கொடுப்பவர்களே உத்தரவும் கொடுத்திருப்பார்கள் என்ற சாமானியனின் தர்க்கம். ஆயுதமில்லை, ரத்தமில்லை. ஆனால் 1925இல் ஷேக் சையதின் கலகத்தையும், 1930 டிசம்பரில் மெனெமென் என்ற ஊரில் ஓர் இளம் ராணுவ அதிகாரியின் தலை வெட்டப்பட்டதையும் கண்டிருந்த அரசாங்கத்துக்கு, இந்தக் கூட்டமும் ஒரு கலகத்தின் முதல் அத்தியாயமாகவே தென்பட்டது.

பிரயாணத்திலிருந்த கமால் பாஷா தம் வழியை மாற்றிக்கொண்டு நேரே புர்சாவுக்கு வந்தார். விசாரித்துப் பார்த்து, இது பெரிதுபடுத்தத்தக்க சம்பவமன்று என்றும், இது மதப் பிரச்னையே அன்று, பாஷைப் பிரச்னை என்றும் அறிக்கை வெளியிட்டார். பெரிதல்ல என்று சொல்லப்பட்ட அந்தச் சம்பவத்துக்காக முப்தியும் நீதி இலாகா அதிகாரிகளும் பதவி இழந்தார்கள்; பலர் கைதாகிச் சிறைத் தண்டனை அடைந்தார்கள். அதே மாதத்தில், உத்தரவை மீறுவோர் கண்டிப்பாகத் தண்டிக்கப்படுவர் என்ற சுற்றறிக்கை எல்லா முப்திகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

தண்டிப்பதற்குச் சட்டம் எங்கே என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அரபியில் பாங்கு சொல்லுவது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் எந்த ஷரத்தும் இல்லை. அதிகாரிகளின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்ற பொதுவான 526வது ஷரத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார்கள், சில நீதிபதிகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தும் அனுப்பினார்கள். அத்தாதுர்க் என்று பெயர்பெற்ற கமால் பாஷா இறந்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு, இஸ்மத் இனோனு ஜனாதிபதியாயிருந்த 1941இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அரபியில் பாங்கோ இகாமத்தோ சொல்வோருக்கு மூன்று மாதம் வரையில் சிறையும், 10 லிராவிலிருந்து 200 லிரா வரையில் அபராதமும் விதிக்கும் வாசகம் அதே 526வது ஷரத்தில் சேர்க்கப்பட்டது. ஐரோப்பா முழுவதும் யுத்தத்தில் எரிந்துகொண்டிருக்க, ஜெர்மானியப் படைகள் துருக்கியின் எல்லைக்கு வந்துவிட்டிருந்த அந்த வருஷத்தில், ஒரு தேசத்தின் மகாசபைக்கு இதற்கும் அவகாசம் இருந்தது.

இந்தப் பதினெட்டு வருஷமும் அனதோலியாவின் கிராமங்களில் எப்படிக் கழிந்தது என்பதைச் சட்டப் புத்தகங்கள் சொல்லமாட்டா. ஜண்டர்மா எனப்படும் கிராமப் போலீசார் வரும் நாட்களில் துருக்கியிலும், அவர்கள் தலை மறைந்ததும் அரபியிலும் பாங்கு சொன்ன மோதினார்களைப் பற்றியும், ஊர் எல்லையில் சிறுவர்களைக் காவல் நிறுத்தி வைத்ததைப் பற்றியும் அக்காலத்தவரின் நினைவுகளில் நிறையக் கேட்கிறோம். பார்லா என்ற மலைக் கிராமத்துக்கு அரசாங்கத்தால் அகற்றி அனுப்பப்பட்டிருந்த சயீத் நூர்ஸீ என்பவர் எழுதிய ‘ரிஸாலே நூர்’ என்னும் விளக்க நூல்கள், தடை செய்யப்பட்ட பழைய அரபி எழுத்திலேயே கிராமத்து ஆண்களாலும் பெண்களாலும் கையால் படியெடுக்கப்பட்டு வீட்டுக்கு வீடு பரவியதும் இந்தக் காலத்தில்தான். அச்சகம், பள்ளிக்கூடம், வானொலி ஆகிய அனைத்தும் அரசாங்கத்தின் கையிலிருக்க, மறுமலர்ச்சி என்று பின்னால் பெயர் பெற்றது இந்தக் கையெழுத்துப் பிரதிகளுக்குள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து 1946இல் எதிர்க்கட்சிகளுக்கு இடமளித்துத் தேர்தல் நடத்தியவுடனே, ஆளும் குடியரசு மக்கள் கட்சிக்கு ஜனங்களின் காதும் வாயும் ஞாபகத்துக்கு வந்தன. ஹஜ் யாத்திரைக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. ஆரம்பப் பள்ளிகளில் விரும்பியவர்களுக்கு மத போதனை வந்தது. 1949இல் அங்காரா சர்வகலாசாலையில் மார்க்கக் கல்விக்கென்று ஒரு துறை ஏற்பட்டது. அந்த வருஷம் பிரதம மந்திரியாக அமர்த்தப்பட்ட ஷெம்செத்தின் குனால்தாய், இஸ்லாமிய சரித்திரத்தில் பாண்டித்தியம் பெற்றவர். பிற்காலத்து மத மறுமலர்ச்சிக்கெல்லாம் வித்திட்டவர் 1950இல் பிரதம மந்திரியான மெண்டரஸ் என்பார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கதவைத் திறக்கத் தொடங்கியது பூட்டியவர்களின் கட்சியே என்பது தெரியும். ஆனால் பாங்கின் மேலிருந்த பூட்டை மட்டும் தொட அவர்களுக்குத் துணிவு வரவில்லை. 1949 பிப்ரவரியில் மகாசபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து, திஜானிய்யா தரீக்காவைச் சேர்ந்த இருவர் எழுந்து நின்று உரத்த குரலில் அரபியில் பாங்கு சொன்னபோது, கீழே அமர்ந்திருந்த அங்கத்தினர்கள் அண்ணாந்து பார்த்துத் திகைத்தார்கள்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 10ஆந் தேதி, சுதந்திர யுத்தத்தின் சேனாதிபதிகளுள் ஒருவரும் தொழுகை தவறாதவரென்று பெயரெடுத்தவருமான மார்ஷல் பெவ்ஸி சாக்மாக் காலமானார். அந்தச் செய்திக்குப் பின்னும் அரசாங்க வானொலி தன் சங்கீத நிகழ்ச்சிகளை நிறுத்தவில்லை. மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். ராணுவ மரியாதையோடு பீரங்கி வண்டியில் செல்லவேண்டியிருந்த ஜனாஸாவை, இஸ்தான்புல் மக்கள் தங்கள் தோள்களில் வாங்கிக்கொண்டு, வழி நெடுகத் தக்பீர் முழங்க, எயூப் கபரஸ்தானம் வரையில் சுமந்து சென்றார்கள். சட்டத்தின் கைகள் அன்று அந்தக் கூட்டத்தை எட்டவில்லை. ஒரு மாதங்கழித்து, மே 14ஆந் தேதி நடந்த தேர்தலில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி மகாசபையின் 487 இடங்களில் நானூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது. ஜெலால் பாயார் ஜனாதிபதியானார். அத்னான் மெண்டரஸ் பிரதம மந்திரியானார்.

நிலத்தையும் விலைவாசியையும் பற்றி எத்தனையோ வாக்குறுதிகளைக் கொடுத்து வந்த அந்த அரசாங்கம், பதவியேற்ற சில வாரங்களுக்குள்ளே கையில் எடுத்த முதற் காரியங்களுள் ஒன்று பாங்கு. ரம்ஜான் பிறப்பதற்கு முந்திய நாளான 1950 ஜூன் 16ஆந் தேதி மகாசபையில் மசோதா வந்தபோது, இனோனுவின் கட்சி எதிர்த்து வாதாடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கட்சியின் சார்பில் எழுந்த ஜெமால் ரெஷித் எயூபோக்லு, தங்கள் கட்சி இதை எதிர்க்கப்போவதில்லை என்று அறிவித்து அமர்ந்தார். அன்றே மசோதா நிறைவேறியது. அன்றே ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு பல ஊர்களின் மினாராக்களிலிருந்து அரபிப் பாங்கு ஒலித்ததைக் கேட்டு, வேலையைப் போட்டுவிட்டு வீதியில் வந்து நின்று கண்ணீர் விட்டவர்களைப் பற்றி அக்காலத்தவர் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைச் சற்று நிதானித்துப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். அது துருக்கிப் பாங்கைத் தடை செய்யவில்லை. அரபிப் பாங்குக்கு விதித்திருந்த தண்டனையை மாத்திரமே நீக்கியது. விரும்பியவர்கள் விரும்பிய பாஷையில் சொல்லலாம் என்பதுதான் அதன் பொருள். பதினெட்டு வருஷமாக ஒரு தலைமுறைச் சிறுவர்கள் கேட்டு வளர்ந்த துருக்கிப் பாங்கை, அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு தன் இச்சையாகச் சொல்ல முன்வந்த பள்ளிவாசல் ஒன்றேனும் நிலைக்கவில்லை. 1960 மே மாதம் மெண்டரஸைக் கவிழ்த்து, மறு வருஷம் செப்டம்பரில் இம்ராலித் தீவில் அவரைத் தூக்கிலிட்ட ராணுவத்தினரும், அதைத் திரும்பக் கொண்டுவரத் துணியவில்லை. மக்கள் விரும்பி ஏற்றார்களா, அஞ்சி ஏற்றார்களா என்ற வழக்கில் இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்தவரையில் கிடையாது.

ஆயினும், மெண்டரஸின் ஆட்சி மதத்துக்கு விடுதலை அளித்தது என்று எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவர் பாங்கின் பாஷையை மாற்றினாரே ஒழிய, பாங்கை அதிகாரம் செய்யும் அலுவலகத்தை மாற்றவில்லை. தேர்தலுக்குச் சற்று முன்னர்தான் பள்ளிவாசல் சிப்பந்திகளின் நிர்வாகம் மறுபடியும் தியானெத்தினிடம் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கலைக்க அவர் கனவிலும் நினைக்கவில்லை. 1951இல் இமாம் – கதீபுப் பள்ளிகளை ஏழு நகரங்களில் திறந்த அதே அரசாங்கம், அதே வருஷத்தில் அத்தாதுர்க்கின் சிலைகளையும் நினைவையும் இழிவு செய்வோரைத் தண்டிக்கச் சட்டமியற்றி, மகாசபை மாடத்தில் பாங்கு சொன்ன திஜானிய்யாக்களைச் சிறைக்கு அனுப்பியது. அரசாங்கம் திறந்த மார்க்கம் சம்பளம் பெற்றது. அரசாங்கத்தைக் கேளாமல் வளர்ந்த மார்க்கம் வழக்கைச் சந்தித்தது.

அதன் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த மேஜையைச் சற்று நீளமாக்கினார்களே தவிர, ஒருவரும் குறுக்கவில்லை. 1961 அரசியல் சட்டம் தியானெத்துக்கு அரசியல் சட்ட அந்தஸ்தே அளித்தது. 1980இல் அத்தாதுர்க்கின் பெயரைச் சொல்லி ஆட்சியைப் பிடித்த ஜெனரல் கெனான் எவ்ரென், இடதுசாரி இளைஞர்களை அடக்குவதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைத்து, பள்ளிக்கூடங்களில் மத போதனையைக் கட்டாயமாக்கி 1982 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார். இவை எல்லாவற்றிலும் தியானெத் போதித்த இஸ்லாம், ஸுன்னத் ஜமாஅத்தின் ஹனபி வழி ஒன்றே. நாட்டில் பல லட்சக்கணக்காக வாழும் அலவீக்கள், தாங்களும் செலுத்தும் வரியிலிருந்து சம்பளம் பெறும் இமாம்கள் தங்கள் ஜெம் மண்டபங்களை வழிபாட்டு ஸ்தலமாக ஏற்க மறுப்பதைக் கண்டு இன்றும் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதச்சார்பின்மையின் உச்சமென்று கருதப்பட்ட காலத்திலும் அவர்களுக்கு அந்த மேஜையில் இடமில்லை. மறுமலர்ச்சியின் உச்சமென்று கருதப்படும் காலத்திலும் இடமில்லை.

2002இல் ஆட்சிக்கு வந்த கட்சியின் தலைவர் எர்டோகான், 1951இல் முளைத்த அந்த இமாம் – கதீபுப் பள்ளிகளில் ஒன்றில் படித்தவர். அவருடைய கட்சி தியானெத்தைக் கலைத்து மார்க்கத்தைச் சமூகத்தினிடம் ஒப்புவிக்கும் என்று எதிர்பார்த்த தாராளவாதிகளும் உண்டு. நடந்ததோ, பல மந்திரி இலாகாக்களின் வரவு செலவையும் மிஞ்சும் அளவுக்கு அந்த அலுவலகம் வளர்ந்ததுதான். 2016 ஜூலை 15ஆந் தேதி இரவு, ராணுவத்தில் ஒரு பகுதியினர் ஆட்சியைப் பிடிக்க முயன்று பாஸ்போரஸ் பாலத்தை டாங்கிகளால் அடைத்தபோது, தியானெத்தின் தலைவர் மெஹ்மெத் கோர்மெஸ் நாடெங்குமுள்ள இமாம்களுக்கு உத்தரவனுப்பினார். வழக்கமாக ஒரு மரணத்தை அறிவிக்கவும் வெள்ளிக்கிழமையை நினைவூட்டவும் ஓதப்படும் ‘ஸலா’, நள்ளிரவில் ஆயிரக்கணக்கான மினாராக்களிலிருந்து ஒரே சமயத்தில் எழுந்து, ஜனங்களை வீதிக்கு அழைத்தது. 1932இல் உத்தரவு போவதற்குத் தபாலும் முப்திகளும் தேவைப்பட்டார்கள்; இப்போது தொலைபேசிச் செய்தி போதுமாயிருந்தது.

இரண்டு வருஷங்கள் கழித்து, 2018 நவம்பரில், குடியரசு மக்கள் கட்சியைச் சேர்ந்த பாராளுமன்ற அங்கத்தினர் ஓஸ்துர்க் இல்மாஸ், பாங்கு துருக்கி பாஷையில் சொல்லப்படவேண்டும் என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். அத்தாதுர்க் நிறுவியதும், 1932 உத்தரவு பிறந்தபோது நாட்டை ஆண்டதுமான அந்தக் கட்சி, அந்த மாதமே அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது.

(அடுத்த அத்தியாயம்: ஆயா சோபியா – பள்ளிவாசல், காட்சிசாலை, மீண்டும் பள்ளிவாசல்)